கந்தோர் நாற்காலியில் வளரும் நோய்

பள்ளிவாசல்துறையிலே காலைப் பஸ் வண்டிக்காகக் காத்து நிற்போரைச் சற்று உற்று நோக்கினால் ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகளை ஒருங்கே காணலாம். வீதிக்கு அப்பால் வெங்காயப் பாத்தியிலே குனிந்து நிற்பவர் தந்தை. வெள்ளைச் சட்டையும் கைப்பையுமாக வண்டியை எதிர்நோக்கி நிற்பவர் மைந்தர். கற்பிட்டித் தீபகற்பத்து மணலிலே கிணறு தோண்டி, நீர் இறைத்து, வெங்காயமும் மிளகாயும் விளைவித்து, விற்று வந்த பணத்திலே பிள்ளையைப் படிப்பித்தார் தந்தை. எதற்காக? தாம் வெயிலில் நின்றது போல் அவர் நிற்கலாகாது என்பதற்காக. நிழலிலே, மின்விசிறியின் கீழே, நாற்காலியிலே அவர் அமரவேண்டும் என்பதற்காக.

அந்த ஆசை நிறைவேறிவிட்டது. புத்தளம் கச்சேரியிலோ, கற்பிட்டியில் ஒரு வங்கியிலோ, நுரைச்சோலையில் ஒரு கந்தோரிலோ மைந்தருக்கு நாற்காலி கிடைத்துவிட்டது. ஆனால் நாற்பது வயதை எட்டுமுன்பே அவருடைய சட்டைப் பையிலே மாத்திரைப் பொட்டலமும் வந்து சேர்ந்துவிடுகிறது. அறுபத்தைந்து வயதுத் தந்தை மண்வெட்டி பிடிக்கிறார்; நாற்பது வயது மைந்தர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிறார். இஃது ஒரு வீட்டுக் கதையன்று.

இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய் முதலிய தொற்றா நோய்களால் விளைபவை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நாடளாவிய முறையில் நடைபெற்ற ஆய்வொன்று, வயது வந்தோரில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. பத்துப் பேர் இருக்கும் கந்தோரில் இருவருக்கேனும் இருக்கும் என்று கொள்ளலாம். செல்வந்தர் நோய் என்று நம் பாட்டன்மார் எண்ணியிருந்த ஒன்று இன்று இலிகிதரின் நோய், ஆசிரியரின் நோய், தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் வந்த பின்னர் கமக்காரரின் நோயுமாகி வருகிறது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் படித்த உத்தியோகத்தர்கள் ஏன் தம்மைக் காத்துக்கொள்ள முற்படுவதில்லை? அறியாமையே காரணம் என்று கூறி மேடையேறும் கனவான்கள் பலர் உளர். துண்டுப் பிரசுரம் அச்சிடுவார்கள், கருத்தரங்கு வைப்பார்கள், கருத்தரங்கின் இடைவேளையிலே சீனி போட்ட தேநீரும், ரோல்ஸும், கேக்கும் பரிமாறுவார்கள்! கந்தோரிலே இருப்பவருக்கு அறிவு குறைவா? நீரிழிவு பற்றிய சுற்றறிக்கையைத் தட்டெழுதியவரே அவர்தாம். அதைப் பிரதி எடுத்து, முத்திரையிட்டு, கோவையில் சேர்த்து வைத்தவரும் அவரே. அறிவு அவரிடம் உண்டு. அந்த அறிவைச் செயலாக்கும் தூண்டுதல்தான் இல்லை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். கந்தோரில் காலை பத்து மணிக்கு ஒரு தேநீர், மாலை மூன்று மணிக்கு ஒன்று, விருந்தினர் வந்தால் ஒன்று, வீட்டிலே காலையும் மாலையும் இரண்டு. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி வீதம் பதினைந்து தேக்கரண்டிச் சீனி. ஏறக்குறைய 60 கிராம். நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேற்படலாகாது, 25 கிராமோடு நிறுத்திக்கொண்டால் மிக நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. ஆகவே, ஒரு பிடி சோறு உண்ணாமலே, ஒரு பனிஸ் தின்னாமலே, தேநீரால் மட்டும் அவர் எல்லையைக் கடந்துவிடுகிறார். உப்பின் கதையோ நமக்கு மேலும் நெருக்கமானது. உப்பளங்களுக்குப் பெயர்போன புத்தளத்திலே வாழும் நமக்கு, நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி உப்பே போதும் என்றால் சிரிப்புத்தான் வரும்.

இன்னொரு முரண்பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். நம் தோட்டங்களில் விளையும் பீற்றூட்டும் வெங்காயமும் லொறி லொறியாக வெளியூர்ச் சந்தைக்குப் போகின்றன. அதே ஊர்ப் பிள்ளை கந்தோருக்கு அருகிலுள்ள கடையிலே கோதுமை மாவையும் பொரித்த எண்ணெயையும் காசு கொடுத்து வாங்கி உண்கிறார்.

நிற்க. மனிதனை நோய்த் தடுப்புக்குத் தூண்டுவது எது? அச்சமா? அச்சம் ஒரு வாரம் வேலை செய்யும். சக ஊழியர் ஒருவர் மேசையிலேயே சரிந்து விழுந்த மறுநாள், அந்தக் கந்தோரிலே எவரும் சீனி கேட்பதில்லை. மாலையிலே நாலு பேர் நடக்கப் போகிறார்கள். முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்துக்கு முன்பே பழைய வழக்கம் திரும்பிவிடுகிறது. காரணம் எளிது. பல்வலி வந்தால் அன்றே வைத்தியரிடம் ஓடுகிறோம். ஏனெனில் அது வலிக்கிறது. இரத்த அழுத்தம் வலிப்பதில்லை. நீரிழிவு ஆண்டுக் கணக்காகச் சத்தமின்றி உடலில் குடியிருக்கும். கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் பிடித்த பின்னரே வாய் திறக்கும். வலிக்காத ஒன்றுக்காக, பத்து ஆண்டுகளின் பின் வரக்கூடிய ஒன்றுக்காக, இன்று கையிலுள்ள வடையைக் கீழே வைக்கும் மனவுறுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மனித இயல்பு அது.

அப்படியானால் எது தூண்டும்? நம் கண்முன் நடந்த ஒரு சம்பவத்தை நினைவூட்டுகிறேன். 2022 ஆம் ஆண்டு எரிபொருள் கிடைக்காது நாடே வரிசையில் நின்ற காலத்தை எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வேளையில் உத்தியோகத்தர் பலர், பரணிலே கிடந்த துவிச்சக்கர வண்டியை இறக்கித் துடைத்துக் கந்தோருக்கு மிதித்துப் போயினர். எந்த வைத்தியரும் அவர்களுக்குப் புத்தி சொல்லவில்லை. எந்தச் சுவரொட்டியும் ஒட்டப்படவில்லை. அவ்வாண்டு யூன் மாதத்தில், வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை முடிவு செய்தது. பேனா பிடித்த கைகள் சில மண்வெட்டி பிடித்தன. பின்னர் கியூ.ஆர். அட்டை முறை வந்தது, எரிபொருள் கிடைத்தது, துவிச்சக்கர வண்டி மீண்டும் பரணுக்கு ஏறியது. பஞ்சம் வரவேண்டும் என்று நான் கூறவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தையும், 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு இக்கரையோரம் வந்து சேர்ந்த முஸ்லிம் மக்களையும் அறிந்த எவரும் பஞ்சத்தைப் புகழமாட்டார். நான் சுட்டுவது ஒன்றே: சூழ்நிலை மாறியதும் மனிதன் மாறினான், சூழ்நிலை பழையபடி ஆனதும் அவனும் பழையபடி ஆனான். அவனுடைய அறிவு இரு காலத்திலும் ஒன்றாகவே இருந்தது.

மற்றோர் உதாரணம் நம் ஊரிலேயே ஆண்டுதோறும் நிகழ்வது. நாளொன்றுக்கு இருபது சிகரெட்டு இல்லாமல் உயிர் வாழ இயலாது என்று சத்தியம் செய்பவர், றமழான் மாதம் பிறந்ததும் விடியல் முதல் சூரியன் மறையும் வரை ஒன்றையும் தொடுவதில்லை, தண்ணீரும் அருந்துவதில்லை. கத்தோலிக்க அன்பர்கள் தபசு காலத்திலே இறைச்சியை விலக்குகிறார்கள். சைவர்கள் கந்தசட்டி நோற்கிறார்கள். ஒருவர் தனியே செய்தால் இது மாபெரும் தவம். வீடும் தெருவும் ஊரும் சேர்ந்து செய்வதனால் இயல்பாகிவிடுகிறது. நோன்பு திறந்த பின் பொரித்த பண்டங்களால் கணக்கைச் சரிக்கட்டிக் கொள்பவர்களும் உளர். அது வேறு கதை. "என்னால் முடியாது" என்று சொல்லும் அதே மனிதரால், பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து செய்யும்போது முடிகிறது என்பது மட்டும் உறுதி.

இது என் கற்பனை என்று நினைப்போர் சென்னையிலே டாக்டர் அம்பாடி இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இரண்டு ஆய்வுகளைக் கவனிக்கட்டும். நீரிழிவு இன்னும் வராத, ஆனால் வரும் எல்லையிலே நின்ற 531 பேரை அவர்கள் தெரிந்தெடுத்தனர். பணியிடங்களுக்கு அறிவித்தல் அனுப்பி, அங்குள்ள ஊழியரையும் அவர்தம் குடும்பத்தினரையும் பரிசோதித்துக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். மற்றொரு பிரிவினருக்கு நாள்தோறும் அரைமணி நேர நடை, உணவிலே சீனியும் மாச்சத்தும் கொழுப்பும் குறைத்தல், விடாத தொடர்பு. 2006 இல் வெளியான முடிவின்படி, மூன்று ஆண்டுகளில் முதற் பிரிவினரில் நூற்றுக்கு 55 பேர் நோயாளராயினர். நடந்தவர்களில் 39 பேரே. மாத்திரை உட்கொண்ட பிரிவினருக்கும் ஏறத்தாழ அதே பலன்தான் கிடைத்தது. நடைக்கும் மாத்திரைக்கும் ஒரே பலன் என்றால், காசில்லாதது எது?

இரண்டாவது ஆய்வு 2013 இல் வெளியாயிற்று. இதிலே 537 பேர். அனைவரும் வேலை செய்யும் ஆண்கள். பாதிப்பேருடைய கைத்தொலைபேசிக்கு இரண்டு ஆண்டுகள் குறுஞ்செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இன்று நடந்தீர்களா, இன்று என்ன உண்டீர்கள் என்னும் பாங்கிலே. செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நோய் வந்தது. பெற்றவர்களில் 18 பேருக்கு. குறுஞ்செய்தியிலே மந்திரமா இருக்கிறது? இல்லை. தம்மை ஒருவர் விடாது கேட்டுக் கொண்டிருக்கிறார், தாம் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார் என்ற உணர்வுதான் வேலை செய்தது என்பது என் துணிபு.

எதிர்ப் பக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. அமெரிக்காவிலே இலினோய் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 5,000 ஊழியரைக் கொண்டு 2016 இல் ஒரு பரீட்சை தொடங்கினார்கள். பரிசோதனைக்கு வந்தால் பணம், உடற்பயிற்சி வகுப்புக்கு வந்தால் வெகுமதி. பணத்தைக் கூட்டக் கூட, பரிசோதனைக்கு வந்தோர் தொகையும் கூடியது. ஆனால் மருத்துவச் செலவு குறையவில்லை. பழக்கவழக்கமும் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. திட்டத்திலே ஆர்வத்தோடு சேர்ந்தவர்கள் முன்பே ஆரோக்கியமாக இருந்தவர்கள்! நம் ஊரிலும் அதிகாலையிலே நடக்கப் போகிறவரைப் பாருங்கள். மெலிந்தவர்தாம் நடப்பார், நடக்க வேண்டியவர் உறங்குவார். சென்னையார் எல்லைக்கோட்டில் நின்றவரைத் தேடிப் பிடித்து ஆண்டுக் கணக்கில் உடன் நடந்தனர். இலினோயார் கதவைத் திறந்து வைத்துப் பரிசு காட்டினர். வேற்றுமை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பணம் ஒரு நாள் வரவழைக்கும். பழக்கத்தை அது வாங்கித் தராது.

நாற்காலியின் தீமை புதிதாகக் கண்ட செய்தியுமன்று. 1953 இலேயே இலண்டன் மாநகரத்து வைத்தியர் ஜெரி மொரிஸ், மாடி பஸ் வண்டிகளின் சாரதிகளையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு எழுதினார். நாள் முழுதும் படியேறி இறங்கிச் சீட்டு விற்ற நடத்துநரைவிட, அமர்ந்தே இருந்த சாரதிக்கு மாரடைப்பு அதிகம். சாரதிகள் வேலையில் சேரும்போதே பருமனாக இருந்தார்களோ என்ற ஐயமும் அவருக்கு எழுந்தது. சீருடை தைத்த அளவுப் புத்தகங்களை எடுத்துக் காற்சட்டையின் இடுப்பளவைப் பார்த்தார்! உண்மையிலேயே சாரதிகளின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. தம் கருத்துக்கு எதிரான சான்றையும் தாமே தேடி வெளியிட்ட அந்த நேர்மையை நம் அரசியல்வாதிகளும் சற்றுக் கற்கலாம். நமக்கும் அந்த அளவுநாடா போதும். ஆசிய ஆணுக்கு இடுப்பளவு 90 சென்றிமீற்றருக்குக் கீழும், பெண்ணுக்கு 80 க்குக் கீழும் இருத்தல் வேண்டும் என்பர். வெள்ளையருக்கு இடம் கொடுக்கும் அளவிலே நமக்கு நோய் வந்துவிடுகிறது. ஆகவே "தொந்தி செழிப்பின் அடையாளம்" என்று மருமகனைப் பார்த்து மகிழும் மாமியார் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அதே இலண்டனில் 1967 இல் தொடங்கிய வைற்ஹோல் ஆய்வு இன்னும் கசப்பான உண்மை ஒன்றை வெளியிட்டது. மைக்கல் மாமற்றும் அவர் சகாக்களும் ஏறத்தாழ 18,000 அரசாங்க ஊழியரைத் தொடர்ந்து கவனித்தனர். மேல்பதவியிலுள்ள தலைமை அதிகாரிக்கே கவலை அதிகம், ஆகவே மாரடைப்பும் அவருக்கே அதிகம் என்று உலகம் நம்பியிருந்தது. கண்டது நேர்மாறு. இருதயநோயால் மாண்டோர் தொகை, உச்சப் பதவியினரைவிட அடித்தட்டுச் சேவகரிடையே மும்மடங்குக்கும் மேல். புகைத்தல், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னும் பெரும்பகுதி வேற்றுமை தீரவில்லை. தன் வேலையின் மீது தனக்கே அதிகாரம் இல்லாதவன், எப்போது எழலாம் எப்போது அமரலாம் என்பதையும் பிறரைக் கேட்கவேண்டியவன், நோய்க்கு எளிதில் இரையாகிறான் என்பது அவர்கள் பின்னர் கூறிய விளக்கம். எழுந்து நடக்க வேண்டும் என்று கீழுத்தியோகத்தருக்குப் போதிக்கும் பெரிய துரைமார், அவர் எழுந்தால் "எங்கே போகிறீர்?" என்று கேட்காதிருப்பார்களா?

இங்கேதான் இது வைத்தியரின் விடயமாக மட்டுமின்றி அரசியல் விடயமாகவும் ஆகிறது. "அவரவர் உடல் அவரவர் பொறுப்பு, இதற்கும் அரசாங்கமா?" என்று சிலர் கேட்பார்கள். தொழிற்சாலை இயந்திரத்திலே தொழிலாளியின் கை நசுங்கியபோதும் முதலாளிமார் இதையே சொன்னார்கள்: அவன் கவனமாக இருந்திருக்கலாமே! 1934 இன் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும், 1942 இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் அந்த வாதத்தை ஒதுக்கித் தள்ளின. சுழலும் சக்கரத்துக்கு வேலி போடுவது முதலாளியின் கடமையாயிற்று. இலிகிதருடைய இயந்திரம் நாற்காலி. அது கையை நசுக்குவதில்லை. இருபது ஆண்டுகளிலே இரத்தக் குழாயை அடைக்கிறது. அதற்கு வேலி எங்கே?

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமன்று. 2011 முதல் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் திறக்கப்பட்டன. இரத்த அழுத்தம், சீனி, நிறை, இடுப்பளவு எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அங்கே வருவோரில் பெரும்பாலார் பெண்கள். வேலை செய்யும் ஆண்கள் வருவது அரிது என்பது சுகாதாரப் பகுதியினரே கவலையோடு ஒப்புக்கொண்ட செய்தி. வராததற்குக் காரணம் சோம்பல் மட்டுமா? நிலையம் திறந்திருக்கும் நேரம் பெரும்பாலும் கந்தோர் நேரம். பள்ளிவாசல்துறையிலிருந்து புத்தளத்துக்கு வேலைக்குப் போகிறவர், நோயில்லாத உடம்பைக் காட்டுவதற்காக அரைநாள் விடுமுறை எடுக்கவேண்டும். நோய் வந்தால் விடுமுறைக்கு வைத்தியச் சான்றிதழ் உண்டு. வராமல் தடுப்பதற்குச் சான்றிதழ் இல்லை. அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதியும் பெரும்பாலும் வைத்தியசாலைக் கட்டிலிலே படுத்த பின்னர்தான் கைகொடுக்கிறது. 2016 சனவரியிலே நாடெங்கும் உடல் ஆரோக்கிய வாரம் என்று ஒன்று கொண்டாடினார்கள், உத்தியோகத்தர்கள் கைகால் அசைத்தார்கள், படம் எடுத்தார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதை நம்மவர் வருடத்துக்கு ஒரு வாரம் என்று மொழிபெயர்த்துக் கொண்டனர் போலும்!

கேட்க வேண்டியவை பெரிய சங்கதிகளல்ல. ஆண்டுக்கு ஒரு முறை பொதுச் சுகாதார உத்தியோகத்தர் கந்தோருக்கே வந்து, வேலை நேரத்திலேயே, முப்பத்தைந்து வயது கடந்த அனைவரையும், சேவகர் முதல் செயலாளர் வரை ஒரே வரிசையில் நிறுத்திப் பரிசோதிக்கட்டும். உணவுக்கு முன் இரத்தத்திலே சீனி 100 மில்லிகிராம் முதல் 125 வரை இருப்பவரே எல்லையில் நிற்பவர். 126 ஐ எட்டினால் நோயாளர் எனலாம். எல்லையில் நிற்பவரின் பெயரை இரகசியமாகக் குறித்துக்கொண்டு, சென்னையிலே செய்தது போல, ஆண்டு முழுதும் விடாது கேட்கட்டும். கூட்டங்களிலே தேநீரைச் சீனியின்றிக் கொடுத்து, சீனியைத் தனியே வைக்கட்டும். வேண்டியவர் எழுந்து போய் எடுத்துக்கொள்வார். பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி செல்லும் வீதியோரத்தில், லொறிக்கு அஞ்சாமல் துவிச்சக்கர வண்டி விடுவதற்கு ஒரு முழ இடம் ஒதுக்கட்டும். அந்த இடம் கந்தோர்ப் பிள்ளைக்கு மட்டுமன்று, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தோட்டத்துக்குப் போகும் கமக்காரருக்கும் உதவும்.

கமக்காரருக்கு இதிலே என்ன அக்கறை என்று கேட்கலாகாது. சம்பளம் வாங்கும் மகன் நாற்பத்தைந்து வயதிலே விழுந்தால், வைத்தியச் செலவுக்கு முதலில் ஈடு வைக்கப்படுவது தந்தையின் தோட்டம். அவன் பிள்ளைகளின் படிப்புக்கு மீண்டும் வெயிலில் நிற்கவேண்டியவரும் அவரே.

அரசாங்கம் அசையும் வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. கந்தோர்தோறும் நலன்புரிச் சங்கம் இருக்கிறது. மாதந்தோறும் சந்தா அறவிடுகிறார்கள். அந்தப் பணத்திலே பிரியாவிடை விருந்து நடக்கிறது. மரணம் நேர்ந்தால் மலர்வளையம் போகிறது. வெள்ளைக் கொடி கட்டப்படுகிறது. ஒரு மலர்வளையத்தின் விலையிலே அளவுநாடாக்கள் பல வாங்கலாம். இரண்டு மூன்று மலர்வளையங்களின் விலை சேர்ந்தால் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றே வாங்கிவிடலாம். அடுத்த பொதுக் கூட்டத்திலே எவரேனும் ஒருவர் எழுந்து இந்தப் பிரேரணையைக் கொண்டுவரட்டும். வழிமொழிய இன்னொருவர் போதும். கருவியைப் பெட்டகத்திலே பூட்டி வைக்காமல், கையொப்பப் புத்தகம் இருக்கும் மேசையிலேயே வைக்கட்டும். காலையில் வரவுக்குக் கையொப்பமிடும் கை, கிழமைக்கு ஒரு தடவை அந்தப் பட்டியையும் சுற்றிக்கொள்ளட்டும்.